63 நிமிடம்

சுங்கை சிப்புட்
ஞாயிறு காலை

மச்சான்,

தீபாவளிக்கு நீ அனுப்பிய குரல் செய்திக்கு இன்னும் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மா நலம், முட்டி வலி மட்டும். உன் பழைய மோட்டாரை மண்டோர் மகன் இன்னமும் ஓட்டுகிறான், சத்தம் அதேதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மருமகன், தங்கச்சி மகன்தான், திரும்பி வந்துவிட்டான்.

மலேசியா சூப்பர் லீக் கால்பந்து அணி கூப்பிட்டுவிட்டது என்று நடுராத்திரியில் உன்னை எழுப்பிச் சொன்னேனே, அந்தக் கூத்து நான்கே மாதத்தில் முடிந்தது. ஒரு பையும் இரண்டு ஜோடி பூட்ஸும் மிச்சம். அணியின் பெயரை எழுத மாட்டேன், உனக்குத்தான் தெரியுமே.

நான் நோட்டில் கணக்கு வைத்திருக்கிறேன். சிரிக்காதே. ஐந்து ஆட்டம், ஐந்திலும் மாற்று ஆட்டக்காரன். 8, 21, 4, 19, 11. கூட்டினால் 63 நிமிடம். அந்த 4 நிமிட ஆட்டத்துக்குத்தான் நாங்கள் பதினொரு பேர் வேன் பிடித்துப் போனோம். பந்து அவன் காலுக்கு ஒரே முறை வந்தது, வெளியே அடித்தான். அதற்கே நம் கூட்டாளி கட்டை எழுந்து நின்று விசிலடித்தான். நான்கு கோல் வாங்கித் தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கு விசிலடிக்கிறானே என்று பக்கத்தில் இருந்தவர் பயந்து நகர்ந்து உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது எனக்கு இங்கிலாந்தின் டெர்பி அணி ஞாபகம். 2007 செப்டம்பர், மாமாக் கடை, இங்கே விடியற்காலை மூன்று மணி, நியூகாசல் ஆட்டம். கென்னி மில்லர் செல்டிக்கிலிருந்து வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. முதல் ஆட்டத்திலேயே தூரத்திலிருந்து ஒரு அடி, 1-0. "இவன் டெர்பியைக் காப்பாற்றிவிடுவான்" என்று நீ ஒரு வார தே தாரிக் டீயைப் பந்தயம் கட்டினாய். அந்த சீசன் முழுக்க டெர்பி ஜெயித்தது அந்த ஓர் ஆட்டம்தான். 38 ஆட்டத்தில் 11 புள்ளி, வாங்கியது 89 கோல், மார்ச்சிலேயே கீழ்ப் பிரிவுக்கு இறங்கியாயிற்று. மில்லர் 2008இல் ரேஞ்சர்ஸுக்குப் போய்விட்டார். செல்டிக், ரேஞ்சர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் பரம எதிரிகள் இரண்டிலும் ஆடிய மனிதர், கோவில் கமிட்டியில் உன் சித்தப்பா மாதிரி. பாக்கி இன்னும் நிற்கிறது என்பதை ஞாபகப்படுத்துகிறேன்.

அங்கே தோற்றால் இறங்க வேண்டும். நம் நாட்டில் 2023இல் சூப்பர் லீக்குக்குக் கீழே இருந்த பிரிமியர் லீக்கையே எடுத்துவிட்டார்கள், கடைசி இடத்தில் கிடந்தாலும் இறங்க இடமில்லாமல் போயிற்று. அணிகளைச் சாய்ப்பது கணக்குப் புத்தகம்தான். 2022 முடிந்ததும் மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் இரண்டுக்கும் உரிமம் கிடைக்கவில்லை. பெட்டாலிங் ஜெயா சிட்டி தானாகவே விலகிக்கொண்டது. நம் மீஃபாவாக, மலேசிய இந்தியர் கால்பந்துச் சங்கத்து அணியாக, இருந்த அணி, மச்சான். 2014 முதல் விடாமல் லீக் கிண்ணம் தூக்கும் ஜொகூரில் உட்கார்ந்திருக்கும் உனக்கு இதெல்லாம் எங்கே உறைக்கப்போகிறது.

மருமகனுக்கு முதல் மாதச் சம்பளம் முழுசாக வந்தது. இரண்டாம் மாதம் "அடுத்த வாரம்". மூன்றாம் மாதம் பாதி. நான்காம் மாதம் அலுவலகத்தில் கேட்க ஆளே இல்லை. ஈ.பி.எஃப். சேமநிதிக் கணக்கைத் திறந்து பார்த்தோம், ஒரு காசு கட்டவில்லை. காலையில் பயிற்சி, இரவில் இவன் மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். ஒருநாள் ஒரு நாசி கோரெங் ஆர்டர். கதவைத் திறந்தால் பயிற்றுநர். இருவரும் ஒன்றும் பேசவில்லையாம். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பத்து வெள்ளி கூடக் கொடுத்தாராம். அவருக்கும் மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. மறுநாள் ஆட்டத்தில் இவனை இறக்கினார், அந்த 19 நிமிடம் அதுதான். "பாவம் பார்த்து இறக்கினாரா மாமா?" என்று கேட்கிறான். நான் என்ன சொல்ல? நன்றாக ஆடினாய் என்றேன். உண்மையிலேயே அன்றைக்கு நன்றாகத்தான் ஆடினான்.

அவனுக்கு வயது 29. இது ஏழாவது அணி. செம்பனை ஆலையில் வேலை தயாராக இருக்கிறது, மாமா சொன்னால் கேட்பான் என்று தங்கச்சி என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இதற்கிடையில் வடக்கே ஒரு ஏ1 செமி புரோ அணி, சூப்பர் லீக்குக்கு அடுத்த படி, கூப்பிடுகிறது, மூன்று மாத ஒப்பந்தம். போகிறேன் என்கிறான்.

புத்திமதி சொல்லத்தான் நேற்று சாயங்காலம் திடலுக்குப் போனேன். தோட்டத்தை விற்ற பிறகு பாதித் திடல் வீட்டு மனையாகிவிட்டது, மீதியில் ஒரு பக்கத்துக் கோல் கம்பம் மட்டும் நிற்கிறது. ஏழு பொடியன்களுக்கு இடது காலால் பந்தைத் தூக்கிப் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். "மாமா, கோல்ல நில்லுங்க" என்றான். நின்றேன். எட்டு வாங்கினேன். இருட்டியதும் வீட்டுக்கு வந்து, பேசிவிட்டேன் என்று தங்கச்சியிடம் பொய் சொன்னேன்.

நீ என்ன நினைக்கிறாய்? சிங்கப்பூரில் உன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றாயே, அதை அவன் காதில் போடவா, வேண்டாமா? வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடப் போகிறான், வேனில் கட்டையும் நானும் கூடப் போகிறோம். அதற்குள் போன் பண்ணு. பண்ணினால் தே தாரிக்கில் இரண்டு நாள் கழித்துக்கொள்கிறேன்.

உன்,
ஈப்போ பஸ்