கொழுகொழு தொடையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வெளிநாட்டுச் செல்லப்பிராணிகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஓணான் மாதிரி இருக்கும் பெரிய வெளிநாட்டுப் பல்லியான இகுவானாவுக்கு அதில் மொத்தம் இரண்டே வரி. சத்தம் போடாது, செலவு வைக்காது, பராமரிப்பும் குறைவு என்று. கடைக்காரர் சொன்னதை அப்படியே போட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. அதே வார்த்தைகளைச் சொல்லி விற்கப்பட்ட ஒன்றை 2023-லிருந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான், அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் மேல்வீட்டுக்காரர்கள், மகன் கேட்டான் என்று உள்ளங்கை அளவில் பச்சைப்பசேலென்று வாங்கி வந்த குட்டி அது. மூன்று வருடம் கழித்து வீடு மாறும்போது, “அக்கா, நீங்க வச்சுக்கிறீங்களா, இல்லேன்னா எங்கேயாவது விட்டுடறோம்” என்றார்கள். போய்ப் பார்த்தால் மூன்றடி மீன் தொட்டிக்குள், ஒரு மஞ்சள் பல்புக்குக் கீழே, வாலை மடக்கிக்கொண்டு கிடக்கிறது. பச்சையெல்லாம் போய் சாம்பல் பூத்த நிறம். பின்தொடை இரண்டும் மட்டும் உருண்டு திரண்டிருந்தன. கொழுகொழுன்னு நல்லாத்தான் இருக்கான் என்று அந்த அம்மா சொன்னதை நானும் நம்பினேன். தூக்கிய பிறகுதான் தெரிந்தது, இடுப்பெலும்பு தோலை முட்டிக்கொண்டு நிற்கிறது, தாடையைத் தொட்டால் ரப்பர் மாதிரி அமுங்குகிறது, விரல்கள் தாமாகத் துடிக்கின்றன. உரியாமல் நின்றுபோன பழைய தோல் விரல்களில் மோதிரம் போல இறுகி, வால் நுனி கறுத்துப் போயிருந்தது.

“வேலியிலே போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதைதான்” என்றார் என் மாமியார்.

பக்கத்துத் தெரு டாக்டர் நாய், பூனை தவிர எதையும் தொடமாட்டேன் என்றார். ஊர்வன பார்க்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிக்க நான்கு நாள் ஆனது. அவர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். பளிச்சென்று வெள்ளையாகத் தெரிய வேண்டிய எலும்பு, சதை எது எலும்பு எது என்று பிரிக்க முடியாத அளவுக்கு மங்கிக் கிடந்தது. கால்சியம் இல்லாமல் எலும்பு கரையக் கரைய, அதைத் தாங்குவதற்கு உடம்பே நார்த்திசுவைச் சேர்த்து வைத்துக்கொள்கிறதாம். நாங்கள் கொழுப்பு என்று நினைத்தது அதைத்தான்.

பட்டினி போட்டார்கள் என்று சொல்ல முடியாது. வெள்ளரிக்காய், லெட்டூஸ், அவ்வப்போது அவித்த முட்டை என்று பாசமாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இகுவானா இலை தின்னும் பிராணி, முட்டையும் இறைச்சியும் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாப்பிட்டதில் இருக்கிற கால்சியம் உடம்பில் சேர விட்டமின் டி வேண்டும், அது தோலில் உண்டாக வெயிலின் புற ஊதாக் கதிர் வேண்டும். மஞ்சள் பல்பில் அந்தக் கதிர் கிடையாது. ஜன்னலோரம் வெயில் படும்படிதானே வைத்திருந்தோம் என்று அவர்கள் கேட்டதும் நியாயம்தான், ஆனால் தேவையான கதிரை ஜன்னல் கண்ணாடியும் தொட்டிக் கண்ணாடியும் தடுத்துவிடும். மண்டை பிளக்கிற வெயில் அடிக்கும் சென்னையில், வெயில் படாமல் ஒரு பிராணிக்குக் கால் விளங்காமல் போயிருக்கிறது!

முதல் வாரம் சாப்பாட்டை வாயில் திணிக்கவே கூடாது என்றார் டாக்டர். உடம்பு சூடேறாமல் அதற்குச் செரிக்காது. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் படுக்க வைப்பது, அளந்து கொடுத்த கால்சியம் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவது, காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை மொட்டை மாடியில் கம்பிவலைக் கூண்டில் வெயில். கூண்டில் பாதிக்கு நிழல் இருக்க வேண்டும், கண்ணாடித் தொட்டியோடு தூக்கி வெயிலில் வைத்தால் வெந்தே போகும். மழை நாளுக்குப் புற ஊதாக் கதிர் தரும் விளக்கு வாங்கினேன். அது எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் ஆறு மாதம் ஒரு வருடத்தில் கதிர் குறைந்துவிடும், மாற்ற வேண்டும். (செலவு வைக்காதாம்!)

கீரைக்கு மட்டும் நம் ஊரை அடித்துக்கொள்ள முடியாது. அகத்தி, முருங்கை, செம்பருத்தி இலை எல்லாம் அதற்கு உகந்தவை. பாலக்கில் இருக்கிற ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் தினமும் போடக் கூடாது. மூன்றாவது வாரம், மாமியார் பூஜைக்குப் பறித்து வைத்திருந்த செம்பருத்தியை எட்டிக் கவ்வியது. தானாகச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான். அவர் திட்டவில்லை, மறுநாள் இரண்டு பூ கூடப் பறித்தார். வயிற்றைத் தரையிலிருந்து தூக்கி நடக்க நான்கு மாதம் பிடித்தது. வால் நுனி உதிர்ந்துவிட்டது, தாடை இறுகிவிட்டது, ஆனால் கோணலாகவே இறுகியிருக்கிறது, இனி நேராகாது. நடுவில் ஒருநாள் தும்மித் தும்மிக் கூண்டுக் கம்பியெல்லாம் வெள்ளைப் பொடி, சளி என்று பயந்து ஓடினேன். அது உடம்பில் மிகுந்த உப்பாம், மூக்கு வழியாகத் தள்ளுகிறதாம். டாக்டர் சிரித்தார்.

எங்கேயாவது விட்டுடறோம் என்றார்களே, அதற்கு வருகிறேன். அமெரிக்காவில் புளோரிடாவில் இப்படி விட்டதும் தப்பியதும் பெருகித்தான் இன்று தோட்டம், வாய்க்கால் கரை எல்லாம் இகுவானா. அங்கே குளிர் அடித்தால் விறைத்து மரத்திலிருந்து விழும், 2020 ஜனவரியில் மயாமி வானிலை அலுவலகமே அதற்கு எச்சரிக்கை விட்டது. நம் ஊரில் அந்தக் குளிரும் கிடையாது. சட்டத்தையும் உங்கள் கட்டுரை சொல்லவில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு, 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன, இகுவானா வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், கைமாறினாலும் செத்தாலும் சொல்ல வேண்டும். நான் பதிந்துவிட்டேன். ‘ஓணானுக்கு எதுக்குக் காகிதம்’ என்று பழைய சொந்தக்காரர் போனில் கேட்டார்.

இரண்டு வரிக்குப் பதில் இருபது வரி போட்டிருந்தால், இது ஐந்தடிக்கு மேல் வளரும், பதினைந்து வருடம் கூட இருக்கும், தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவாவிட்டால் சால்மொனெல்லா கிருமி வரலாம், சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு ஆகாது என்பதையும் எழுதியிருக்கலாம்.

கடைசியாக, அந்தக் கட்டுரையில் ஒரு பையன் கையில் இகுவானாவை வைத்திருக்கிற படத்தை நன்றாகப் பாருங்கள். அதன் பின்தொடையும் கொழுகொழுவென்றுதான் இருக்கிறது. அந்த வீட்டுக்காரர்களிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். சம்மதித்தால், ஒரு கட்டு அகத்திக்கீரையோடு நானே வந்து பார்க்கிறேன்.

ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை