பெல் ஒன்று வாங்கி வா

மீனாட்சிபுரம்,
ஆடி 9

அன்புள்ள மாப்பிள்ளை,

நெதர்லாந்தின் ஐந்தோவனிலிருந்து நீ அனுப்பிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மில்லில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். இரண்டாவது முறை வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாற்சந்திக்கு மேலே சைக்கிளுக்கென்றே வட்டமாகத் தொங்கும் பாலம் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் அம்மா நிறுத்தச் சொன்னார். "சைக்கிளுக்கு மட்டுமா?" என்று கேட்டார். ஆமாம், 2012-ல் திறந்தார்கள், 72 மீட்டர் விட்டம், கீழே கார் போகும், மேலே சைக்கிள் போகும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ஊர்ல சைக்கிள்காரனையும் ஆளா மதிக்கறாங்களாட்ட இருக்குது" என்றார்.

என் பக்கத்துச் செய்தி, நானும் வைகாசியில் ஒரு எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கிவிட்டேன். மில்லில் ஷிப்ட் மாறிய பிறகு காலை ஏழரைக்குள் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. அந்த நேரத்துக்குப் பஸ் வாய்ப்பதில்லை. பழைய மொபெட்டை மகன் எடுத்துக்கொண்டான். வழி உனக்குத் தெரிந்ததுதான். வீட்டிலிருந்து இரண்டு பக்கமும் வேலி வைத்த இட்டேரிப் பாதை, அது முடிந்ததும் வாய்க்கால் கரை, அப்புறம் மெயின் ரோட்டில் ஏறி, கேரள எல்லை தாண்டித் தமிழ்நாட்டு அம்பராம்பாளையம் பக்கம். தேங்காய் நார் மில்லுக்கும் கோழிப் பண்ணைக்கும் போகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இப்போது அந்தக் கரையில்தான் போகிறோம். அதில் நாலு பேர் வண்டி பேட்டரி வண்டி. மெயின் ரோட்டில் விடிகாலையில் கள்ளு வண்டிகள் வரும் வேகம் உனக்கு மறந்திருக்காது. சித்தூர்ப் பக்கத்துக் கள் கேரளத்தின் எந்தெந்த மூலைக்கோ போக வேண்டும், நேரத்தில் போக வேண்டும். ஓட்டுகிறவர்களைக் குறை சொல்லி என்ன? ஆனால் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே சைக்கிளுக்கு ஒரு முழம் இடம்கூட இல்லை. முடிந்தவரை கரையிலேயே போவது அதனால்தான்.

காற்றைச் சொல்லாமல் இந்த வண்டியைப் பற்றிச் சொல்ல முடியாது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு மலையே இல்லாத வாசல் நம்முடையது. ஆனி ஆடியில் மேற்கேயிருந்து வரும் காற்று அந்த வாசலில்தான் நுழைகிறது. காலையில் கிழக்கே போகும்போது முதுகைத் தள்ளுகிறது. மாலையில் திரும்பும்போது நெஞ்சில் கை வைத்து நிறுத்துகிறது. முதல் வாரம் இது எனக்குப் பிடிபடவில்லை. காலையில் மோட்டாரைப் போட்டுக்கொண்டு சுகமாகப் போய்விட்டேன். மாலையில் பாதி வழியில் பேட்டரி தீர்ந்து, அந்தக் கனத்த வண்டியை எதிர்காற்றில் மிதித்து வீடு சேர்வதற்குள் கால் இரண்டும் கழன்றுவிட்டது. இப்போது காலையில் காற்றை நம்பி மிதிக்கிறேன், பேட்டரியை மாலைக்கு வைத்துக்கொள்கிறேன். மார்கழியில் கிழக்குக் காற்று ஆரம்பித்தால் இந்தக் கணக்கை அப்படியே திருப்பிப் போட வேண்டும்.

சரி, உன்னிடம் சொல்ல வேண்டும் என்று மனதில் வைத்திருந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஆனிக் கடைசியில் ஒரு நாள் கிளம்பவே நேரமாகிவிட்டது. கரையில் மோட்டாரைப் போட்டுக்கொண்டு, காற்றும் பின்னாலிருந்து தள்ள, இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போனேன். அந்த வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏழு மீட்டர் போகிறது. எனக்கு முன்னால் நம் வளவுப் பெரியம்மா தலையில் புல்லுக்கட்டோடு நடந்துகொண்டிருந்தார். பத்து மீட்டர் இருக்கும்போது பெல் அடித்தேன். ஆழியாற்றிலிருந்து தண்ணீர் விட்டிருந்தார்கள், மூலத்தறைத் தடுப்பணையில் பிரிந்து வந்து வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. தென்னை மட்டைகளின் இரைச்சலில் அவருக்கு ஏதோ கேட்டிருக்கிறது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கட்டோடு அப்படியே திரும்பினார், தண்ணீர்ப் பக்கம் கால் வழுக்கியது. சரிவில் முழங்கால் ஊன்றி உட்கார்ந்துவிட்டார். கட்டு தண்ணீரில் போய்விட்டது. அரிவாள் என் சக்கரத்துக்கு ஓரடி தள்ளி விழுந்து கிடந்தது.

ஓடிப்போய்த் தூக்கினேன். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அவர் உடம்பு நடுங்கியது இன்னும் என் கையில் இருக்கிறது. "பேயாட்ட வந்து நிக்கறயே சாமி, ஒரு சத்தம் போட்டா ஆகாதா?" என்றார். பெல் அடித்தேனே பெரியம்மா என்றேன். "எனக்கு வலது காது கேக்காதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றார். தெரியும் மாப்பிள்ளை. சின்ன வயதிலிருந்தே தெரியும். வண்டியில் ஏறியதும் அது என் நினைவிலேயே இல்லை.

அன்றைக்கு மில்லில் வேலையே ஓடவில்லை. யோசித்துப் பார்த்தேன். மொபெட் வந்தால் ஒரு பர்லாங்குக்கு முன்பே ஆடுகூட ஒதுங்கிவிடும். சைக்கிள் என்றால் சத்தம் இல்லாவிட்டாலும் மெதுவாகத்தான் வரும் என்று நம் ஜனங்களின் கண்ணும் காதும் பழகியிருக்கிறது. இந்த வண்டி பார்க்க சைக்கிள், வேகத்தில் மொபெட். தூரத்தில் பார்க்கிறவர் 'சைக்கிள்தானே, தாண்டிவிடலாம்' என்று காலை எடுத்து வைக்கிறார். இட்டேரியிலிருந்து திரும்பும் டிராக்டர்காரரும் அப்படித்தான் கணக்குப் போடுகிறார். அவர்கள் கணக்கில் தப்பில்லை. நாங்கள்தான் அந்தக் கணக்குக்குள் அடங்கி ஓட்ட வேண்டும்.

பேட்டரி வண்டிக்காரர்கள் நாலு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம். கரையில் ஆள் தெரிந்தால் முப்பது நாற்பது மீட்டர் முன்பே மோட்டாரை நிறுத்திவிட்டு, பெல் அடித்து, வாயாலும் 'பெரியம்மா, வர்றேன்' என்று கூப்பிட வேண்டும். அவர் திரும்பிப் பார்த்த பிறகுதான் தாண்ட வேண்டும். தாண்டுவது எந்தப் பக்கம் என்பதில்தான் நெடுநேரம் பேச்சு. ரோட்டில் வலது பக்கம் தாண்டுவது சரி, ஆனால் கரையில் ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல். கடைசியில், தண்ணீர்ப் பக்கம் வண்டி, வயல் பக்கம் ஆள் என்று வைத்துக்கொண்டோம். பயந்து ஒதுங்கினாலும் அவர் மண்ணில் ஒதுங்கட்டும். தலையில் சுமையோடு வருகிறவருக்கும், கள் இறக்கிக்கொண்டு கேனோடு வருகிறவருக்கும் நாங்கள் இறங்கி நின்று வழிவிடுகிறோம். இட்டேரியில் கிளுவை வேலி உயர்ந்து திருப்பத்தில் எதுவுமே தெரிவதில்லை, அங்கே நடை வேகம்தான். இருட்டினால் விளக்கைக் கீழே சாய்த்துக்கொள்கிறோம், எதிரே வருகிறவர் கண் கூசாமல் இருக்க. காட்டுப்பன்றி வேறு குறுக்கே பாய்கிறது, அதனால் ராத்திரி ஷிப்ட் முடிந்து யாரும் தனியாக வருவதில்லை.

எங்களுக்குள் மனக்கசப்பு வந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். பண்ணைக்குப் போகும் பையன் ஒருவன் கன்ட்ரோலரில் ஒயரைக் கழற்றி வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டான். நாற்பது வரை போகிறது. நம் நாட்டுச் சட்டத்தில் மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால்தான் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது, லைசென்ஸும் பதிவும் வேண்டாம். வேகத்தை ஏற்றிவிட்டால் அந்தச் சலுகை போய்விடுகிறது. யாரையாவது இடித்துவிட்டால் லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் இல்லாமல் நிற்பான். உங்கள் ஊரில் 45 வரை போகும் வண்டிக்கு மஞ்சள் நம்பர் பிளேட்டும் ஹெல்மெட்டும் 2017-லிருந்து கட்டாயம் என்று நீ எழுதியிருந்ததை அவனிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஒயரை மாட்டிவிட்டதாக அவனே வந்து சொன்னான். நல்ல பையன்.

சார்ஜ் போடுவதிலும் ஒரு சங்கடம் இருந்தது. நார் மில்லில் தூசியும் பஞ்சும் ஒரு பொறி பட்டாலே பிடித்துக்கொள்ளும். முதலில் நான் யோசிக்காமல் நார்க்கட்டு அடுக்கும் இடத்துப் பிளக்கில் போட்டுவிட்டேன். சூப்பர்வைசர் சத்தம் போட்டார், அவர் சொன்னதுதான் சரி. இப்போது பேட்டரியைக் கழற்றி வாட்ச்மேன் ரூமில், சிமெண்ட் தரையில் வைத்துப் போடுகிறோம்.

கரையைப் பற்றி ஒரு மனு எழுதியிருக்கிறோம், தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. மதகுக்குப் பக்கத்தில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் மூடாமல் கிடக்கிறது, தண்ணீர் தேங்கினால் ஆழம் தெரிவதில்லை. வாய்க்கால் வளைகிற இரண்டு இடத்தில் இடுப்பளவு தடுப்புச் சுவர் வேண்டும், கரை ரோட்டில் ஏறும் இடத்தில் ஒரு விளக்கும் வேகத்தடையும் வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை. இரண்டு மாதமாகப் பதில் இல்லை. அலுத்துப்போய் விட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னபோது, நீ எழுதிய 1971-ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னேன். அந்த ஒரே வருஷத்தில் நெதர்லாந்து ரோடுகளில் 3,300 பேர் செத்தார்கள், அதில் நானூறுக்கு மேல் குழந்தைகள், அப்புறம் பெற்றவர்கள் தெருவில் இறங்கிக் கேட்டுக் கேட்டுத்தான் அந்தச் சைக்கிள் பாதைகள் வந்தன என்று. அடுத்த மனுவில் பெரியம்மாவும் கைநாட்டு வைக்கிறேன் என்றிருக்கிறார்.

புல்லுக்கட்டுக்குக் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அதனால் வாரம் இரண்டு நாள் அவர் அறுத்து வைக்கும் கட்டை என் கேரியரில் ஏற்றி வீட்டில் போட்டுவிட்டுப் போகிறேன். அந்த விஷயத்தில் வண்டி நன்றாக உழைக்கிறது.

தையில் நீ வரும்போது அங்கே விற்கும் பெரிய பெல் ஒன்று வாங்கி வா. கீச்சென்று கத்துவது வேண்டாம், கணீரென்று இரண்டு தட்டு தட்டுமே, அது. அவருக்குக் கேட்கும் இடது காது பக்கம் போய் அடித்துப் பார்த்துவிட்டு மற்ற மூன்று பேருக்கும் சொல்கிறேன்.

உன் மச்சான்