வீடியோ கோலில் நீ பார்க்காதது

வெள்ளவத்தை, கொழும்பு 6

அன்பு மகனுக்கு,

பங்குனி மாதத்தில் இரண்டு ஞாயிறு நான் கதிரையை விட்டு எழும்பாமல்தான் உன்னோடு கதைத்தேன். ஏன் அப்பா இருந்த இடத்திலேயே இருக்கிறீங்கள் என்று நீ இரண்டு தரம் கேட்டாய். முழங்கால் நோ என்றேன். அது பொய். கதிரைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் சலம் சேரும் பை, அதிலிருந்து என் சாரத்துக்குள் ஒரு குழாய். எனக்குப் புற்றுநோய், சலப்பைக்குக் கீழே இருக்கும் புரொஸ்டேட் என்ற சுரப்பியில். ஒப்பரேசன் முடிந்து அப்போது ஒரு கிழமைதான்.

நீ புது வேலையில் சேர்ந்த நேரம், லீவு போட்டுக்கொண்டு ஓடி வந்துவிடுவாய் என்று அம்மா பயந்தா. நானும் அதையே சாட்டாக வைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்குச் சொல்லக் கூச்சம். இப்போது தேறிவிட்டேன், பயப்படாதே. ஆனால் உனக்கு இது தெரிய வேண்டும்.

இரவில் நாலு தரம் சலம் கழிக்க எழும்புவேன் என்பது உனக்குத் தெரியும். முதலில் பார்த்த டொக்டர், வயது போனால் ஆம்பிளைகளுக்கு அந்தச் சுரப்பி வீங்கும் என்று குளிசை தந்தார். வீக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் வீக்கம் வேறு, புற்றுநோய் வேறு. இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். ஆரம்பத்தில் புற்றுநோய் அநேகமாக ஒரு குறியும் காட்டாதாம். அவர் இரத்தம் பார்க்கச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு வருடம் அப்படியே போய்விட்டது. அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் ஆறுவதில்லை. பிறகு சீனி பார்க்கப் போன இடத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரொஸ்டேட்டுக்கான இரத்தப் பரிசோதனையும் சேர்த்துப் பார்த்தேன். 11.2. வழக்கமாக 4க்குக் கீழே இருப்பதுதான் நல்லது. எம்.ஆர்.ஐ., சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயொப்சி எல்லாம் எடுத்தார்கள். புற்றுநோயின் வேகத்தைச் சொல்லும் க்ளீசன் எண் 7 என்று வந்தது. 6 என்றால் மெதுவாக வளர்வது, 10 என்றால் மிக மோசம்; என்னுடையது இடையில். எலும்புக்குப் பரவவில்லை. மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கதிர்ச்சிகிச்சை எடுக்கலாம், அல்லது சுரப்பியை எடுத்துவிடலாம் என்றார்கள். எடுத்துவிடுங்கள் என்றேன்.

ஒப்பரேசனைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, நான் நித்திரையில் இருந்தேன். கஷ்டம் எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

குழாயோடு பதினான்கு நாள். பை நிறைந்ததும் அம்மா அளந்து ஊற்றிவிட்டு எழுதி வைப்பா. எதில் தெரியுமா? உன்னுடைய ஓ.எல். கணிதக் கொப்பியின் கடைசி வெற்றுத் தாள்களில். ஒரு பக்கம் நீ போட்ட இருபடிச் சமன்பாடு, மறுபக்கம் அம்மாவின் எழுத்தில் “காலை 6 மணி, 350, றோஸ் நிறம்”. பிறகு “வெறும் தேத்தண்ணி நிறம்”. பன்னிரண்டாம் நாள் “தேசிக்காய்த் தண்ணி நிறம்” என்று எழுதிவிட்டுப் போய்ச் சாமி விளக்கை ஏற்றினா.

குழாயைக் கழற்றினால் விடுதலை என்று நினைத்திருந்தேன். கழற்றிய அன்றுதான் தெரிந்தது, சலத்தை அடக்கும் பிடி என்னிடம் இல்லை என்று. எழும்பினால் போகும், இருமினால் போகும். முதல் மாதம் ஒரு நாளைக்குச் சலத்தை உறிஞ்சும் பாட் ஐந்து. ஒருநாள் 101 பஸ்ஸில் பம்பலப்பிட்டியில் இறங்க எழும்பினேன், காற்சட்டை நனைந்துவிட்டது. காலி வீதியில் பேப்பரை முன்னால் பிடித்துக்கொண்டு வீடு மட்டும் நடந்தே வந்தேன். அன்றைக்கு அழுதேன் தம்பி.

கிளினிக்கில் ஒரு சிங்கள நேர்ஸ் பிள்ளை, உன்னிலும் வயது குறைவு, தனக்குத் தெரிந்த தமிழில் எனக்குப் பயிற்சி சொல்லித் தந்தது. “ஐயா, காஸ் போறதை அடக்குற மாதிரி உள்ளே இழுங்க. வயிறு இறுக்க வேணாம். மூச்சு பிடிக்க வேணாம்.” பத்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும், பிறகு விட வேண்டும். அப்படிப் பத்துத் தரம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. முதலில் எனக்கு மூன்று எண்ணுவதற்குள் விட்டுப்போகும். இப்போது பத்தும் பிடிக்கிறேன். நாலாம் மாதம் நடக்கிறது. ஒரு பாட்தான், அதுவும் வெளியே போனால்.

இன்னொன்றும் இருக்கிறது. தகப்பன் மகனுக்கு எழுதுகிற விஷயமில்லை, ஆனாலும் எழுதுகிறேன். விறைப்புக்கான நரம்புகள் அந்தச் சுரப்பியின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டுதான் போகின்றன. எனக்கு ஒரு பக்கத்தைத்தான் காப்பாற்ற முடிந்தது. திரும்பி வர இரண்டு வருடம்கூட ஆகலாம், வராமலும் போகலாம். நானும் அம்மாவும் ஒருநாள் இரவு இதைப் பற்றி இருந்து கதைத்தோம். கலியாணம் கட்டி நாற்பது வருடத்தில் அப்படி ஒரு கதை அன்றைக்குத்தான் கதைத்தோம். மனம் லேசானது.

உன் அப்பப்பாவைப் பற்றி டொக்டர் கேட்டார். கடைசி ஆறு மாதம் இடுப்பு நோ என்று படுக்கையில் கிடந்தவர், சலம் போகக் கஷ்டப்பட்டவர் என்றேன். இந்த நோய் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும்தான் பெரும்பாலும் போகும் என்றார். அவருக்கும் இதுவா என்று இனி அறிய வழியில்லை. வாதம் என்றார்கள், எண்ணெய் பூசினோம். அவரும் எங்களிடம் ஒன்றும் வாய் திறக்கவில்லை.

தகப்பனுக்கு இருந்தால் மகனுக்கு வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு. உனக்கு இப்போது 38. 45 வயதிலிருந்து பி.எஸ்.ஏ. பார்ப்பதைப் பற்றி உங்கள் டொக்டரோடு கதைக்க வேண்டும். ஆனால் அப்பாவுக்கு 64 வயதில் வந்தது, அப்பப்பாவிலும் சந்தேகம் என்று இப்போதே சொல்லி, உன்னுடைய பதிவில் எழுதுவித்துவிடு. இரத்தம் குடுப்பதற்கு முதல் இரண்டு நாள் சைக்கிள் ஓடாதே, எண் கூடிக் காட்டும். சலத்தில் கிருமி இருந்தாலும் கூட்டும், ஒரு எண்ணைப் பார்த்துப் பதறாதே.

என்னுடைய பி.எஸ்.ஏ. ஒப்பரேசன் முடிந்து ஆறாவது கிழமையில் பார்த்தது 0.1க்கும் குறைவு. சுரப்பியை எடுத்தவனுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். அடுத்தது ஆவணியில்.

மறைத்ததற்குக் கோபம் இருந்தால் என்னோடு கோபி, அம்மாவோடு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் நேரத்துக்கு எடு. மரைன் டிரைவில் நடந்துகொண்டே கதைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா