பிரான்ஸ் போகுமுன் புதுச்சேரியிலேயே முடிக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த வெளிநாட்டுக் குடும்ப வாழ்க்கைக் கட்டுரை, பனி, மெட்ரோ என்று சுவையாகப் போனது. குழந்தைகளோடு பிரான்ஸ் புறப்படும் நம்மூர்க்காரர்களுக்குத் தேவையான சங்கதிகள் அதில் விடுபட்டுவிட்டன.

முதலில் பிறப்புச் சான்றிதழ். பல சான்றிதழ்களில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாகவே கிடக்கும். பிறந்து 15 ஆண்டுக்குள் நகராட்சியில் சேர்த்துவிடலாம். அடுத்த சிக்கல் இனிஷியல். அங்கே எல்லாப் படிவமும் குடும்பப் பெயர் கேட்கும். பிரெஞ்சு ஆட்சிக்கால 1881 ஆணைப்படி குடும்பப் பெயர் எடுத்துக்கொண்ட வீடுகளுக்குக் கவலையில்லை. மற்றவர்கள் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை அந்த இடத்தில் போட, கணவன், மனைவி, பிள்ளை மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர்! இன்னாருடைய பிள்ளை என்று பள்ளியிலும் மேரி எனப்படும் நகராட்சி அலுவலகத்திலும் காட்டப் பிறப்புச் சான்றிதழ்தான் கைகொடுக்கும். ஆகவே பெற்றோர் பெயர் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும்.

பிறகு மாநில அரசின் சான்றொப்பம், அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் முத்திரை), கடைசியாகத்தான் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. அவசரப்பட்டு முதலிலேயே மொழிபெயர்த்தால் அப்போஸ்டில் அதில் இருக்காது, மறுபடியும் செலவு. சான்றிதழை லேமினேட் செய்துவிடாதீர்கள். முத்திரை போட முடியாது.

அதிகம் பேர் தவறவிடுவது தடுப்பூசி. பிரான்ஸில் 3 வயதிலிருந்து பள்ளி கட்டாயம். பள்ளியில் சேர்க்கும்போது, 2018 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு 11 நோய்களுக்கான தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவது எம்.ஆர்.; தட்டம்மை, ருபெல்லா இரண்டுக்கும்தான். அங்கே பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்.எம்.ஆர். வேண்டும். மூளைக்காய்ச்சல் வகை ஒன்றைத் தடுக்கும் மெனிங்கோகாக்கல் ஊசியும் நம் அரசு அட்டவணையில் கிடையாது. இரண்டையும் இங்கேயே குழந்தை மருத்துவரிடம் போட்டு, தேதியோடு அட்டையில் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். குறை இருந்தால் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு 3 மாதம் அவகாசம் தருவார்கள். புது ஊரில் மருத்துவர் தேடும் அலைச்சல் எதற்கு?

பெட்டியில் நெய், பால்கோவா, இறைச்சி ஊறுகாய் வேண்டாம். பால், இறைச்சிப் பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும், தேங்காய்க்கு வேண்டாம். கருவாட்டுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. காற்றுப் புகாமல் கட்டுங்கள், பக்கத்துப் பெட்டிக்காரர் பாவம்.

மிக்ஸி ஓடும்; அங்கும் 230 வோல்ட்தான். நம் பிளக் நுழையாது, எர்த் உள்ள அடாப்டர் வேண்டும். அலுமினிய குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. காந்தம் அடியில் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி