காரைநகர் வீட்டுக்குப் பற்றரி வருமுன்

கொக்குவில்,
08.06.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நலம், உன் வீட்டார் அனைவரின் நலமறிய ஆவல். காரைநகர் வீட்டுக்குச் சோலர் பூட்டும் வேலை பாதியைத் தாண்டிவிட்டது என்று எழுதியிருந்தாய். மின்வெட்டு இரவுகளில் அம்மா இனி விசிறியோடு விறாந்தையில் குந்தியிருக்கத் தேவையில்லை என்று வாசித்தபோது மனம் நிறைந்தது. ஆனால் அடுத்த பக்கத்தில், லித்தியம் பற்றரியை மாடிப்படிக்குக் கீழே வைக்கப்போவதாகவும், பழைய மின்காரில் கழற்றிய செல்கள் மலிவாகக் கிடைப்பதால் நீயே கோத்துக்கொள்ள யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறாய். நித்திரை வரவில்லை. எழுந்து இதை எழுதுகிறேன்.

உன் கைத்திறமையை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. போர் நாட்களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குள் ரோர்ச் பற்றரி வராதபோது, செத்த பற்றரியில் ஆணியால் துளையிட்டு உப்புத்தண்ணீர் ஊற்றி, அதை மீண்டும் கொஞ்ச நேரம் பேசவைத்தவன் நீ. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் மிதியைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் உங்கள் முற்றத்தில் பத்துப் பேர் பிபிசி தமிழோசை கேட்டோம். இருப்பதை வைத்துச் சமாளிக்கும் அந்தப் பழக்கம் நம் தலைமுறையின் இரத்தத்தில் ஊறிவிட்டது. அதை நினைத்து நான் பெருமைப்படுகிறேன். அதே பழக்கத்தோடு லித்தியத்தைத் தொட்டுவிடாதே என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அன்று பிழை விட்டால் வானொலி நின்றுபோகும், அவ்வளவுதான். இன்று வீடுகளுக்கு வரும் 51.2 வோல்ட், 100 அம்பியர் மணி பற்றரி ஒன்றில் 3.2 வோல்ட் செல்கள் 16 வரிசையாக இருக்கின்றன. உள்ளே சுமார் 5 யூனிற் மின்சாரம். இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்தால் ஆயிரக்கணக்கான அம்பியர் ஒரே கணத்தில் பாயும். இரும்பு உருகித் தெறிக்கும். வேலை செய்பவர் மோதிரத்தையும் சங்கிலியையும் கழற்றிவிட்டு, ஸ்பானரின் பிடிக்கு மின்காப்பு நாடா சுற்றிக்கொண்டுதான் கிட்டப்போக வேண்டும்.

கார் செல்களைப் பற்றிச் சொல்கிறேன். லித்தியம் என்ற பெயர் ஒன்றுதான். உள்ளே இருக்கும் இரசாயனம் பல. மின்கார்களில் நிக்கல், மங்கனீஸ், கோபால்ட் சேர்ந்த வகை நிறைய உண்டு. அது அளவுக்கு மீறிச் சூடானால் தன்னுள்ளேயே ஒட்சிசனை விட்டு, தன் தீயைத் தானே வளர்க்கும். வீட்டுக்கு ஏற்றது லித்தியம் இரும்பு பொஸ்பேற்று. 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் குடினஃப் என்ற விஞ்ஞானியின் குழு அதைக் கண்டறிந்தது. லித்தியம் பற்றரிக்காக 2019இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். பொஸ்பேற்றில் ஒட்சிசன் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் எளிதில் வெளியேறாது. அதற்காக எரியவே எரியாது என்று நம்பிவிடாதே. அதிலிருந்து வரும் வாயுவும் தீப்பிடிக்கும், நஞ்சும் கூட. எவர் எப்படிப் பாவித்தார் என்று தெரியாத பழைய செல்லை அம்மா தூங்கும் வீட்டுக்குள் கொண்டுவராதே. காசு போதாவிட்டால் சின்னப் பற்றரி ஒன்றைப் புதிதாக வாங்கு, பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

வாங்கும்போது உள்ளே பிஎம்எஸ் என்ற காவல் சுற்று இருக்கிறதா என்று பார். ஒவ்வொரு செல்லின் வோல்டையும் சூட்டையும் கவனித்து, எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிப்பது அதுதான். அது அடிக்கடி துண்டித்தால், தொந்தரவு என்று அதைத் தாண்டி நேரே வயர் கொடுக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒருவன் உன் வளவுக்குள் வந்தால் படலையோடு திருப்பி அனுப்பிவிடு.

என் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2022இல் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது உனக்கு நினைவிருக்கும். பற்றரி இல்லாமல் கூரை நிறையச் சோலர் தகடு வைத்திருந்தவர்களும் இருட்டில்தான் இருந்தார்கள். லைனில் மின்சாரம் நின்றால், அதில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக சோலர் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் அவர்களுடைய இன்வேர்ட்டர்களும் நின்றுவிடும். அதனால்தான் நானும் பற்றரி பூட்டினேன். இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை, மோட்டர் ஓடும்போது பிளாஸ்டிக் கருகும் மணம். போய்ப் பார்த்தால் பற்றரி முனையில் வயரின் உறை பழுப்பாகியிருந்தது. பூட்டியவர் ஒரு நட்டைச் சரியாக இறுக்காமல் விட்டிருந்தார். கணக்குப் போட்டுப் பார்: 100 அம்பியர் ஓடும்போது ஆயிரத்தில் ஐந்து ஓம் தடை இருந்தாலே அந்த இடத்தில் 50 வாட் வெப்பம். நீ ஈயம் உருக்கும் கோலின் சூடு, ஒரே இடத்தில்! பற்றரியில் ஒரு குறையும் இல்லை. ஒரு நட்டுத்தான் என் வீட்டை எரிக்கப் பார்த்தது. அதன்பின் மின்சாரம் படித்த ஒருவரைக் கூப்பிட்டு, டோர்க் ஸ்பானரால் எல்லா முனைகளையும் குறித்த அளவுக்கு இறுக்குவித்தேன்.

அவர்தான் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். பற்றரிக்கும் இன்வேர்ட்டருக்கும் நடுவே வீட்டு லைனின் ஏசி மின்சாரத்துக்கான பிரேக்கர் போட்டிருந்தார்கள். திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொடுவதால், பிரேக்கர் துண்டிக்கும்போது எழும் தீப்பொறி தானாக அணையும். ஒரே திசையில் ஓடும் பற்றரியின் டிசியில் அந்த இடைவெளி இல்லை. பொறி அணையாமல் நின்று எரியும். டிசிக்கென்றே செய்த பிரேக்கரும், பற்றரி முனைக்கு அருகிலேயே தரமான பியூஸும் வேண்டும். பழைய ஈயப் பற்றரிக்கு வைத்திருந்த சார்ஜ் செட்டிங்கை இன்வேர்ட்டரில் மாற்றாமல் விட்டால் சார்ஜ் வோல்ட் எகிறும். அதையும் கேட்டுப் பார்.

இனி இடம். மாடிப்படிக்குக் கீழே வேண்டவே வேண்டாம். புகை வந்தால் மேலே இருப்பவர் இறங்கும் வழியே அதுதான். படுக்கையறைச் சுவரும் தகரக் கொட்டிலும் கூடாது. சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே 45 பாகையைத் தாண்டினால் செல்லின் ஆயுள் தேய்ந்துவிடும். உங்கள் கிணற்றடிப் பக்கம் வடக்குச் சுவரோரம் ஓட்டுத் தாழ்வாரம் இருக்கிறதல்லவா? அதற்குக் கீழே, கார்த்திகை வெள்ளம் எட்டாத உயரத்தில், சீமெந்துத் திட்டு ஒன்று கட்டு. சோளகக் காற்றோடு வரும் உப்பு காரைநகரில் செம்பைப் பச்சையாக்கிவிடும். மூடியுள்ள பெட்டியே வாங்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை முனைகளைப் பார்ப்பித்துக்கொள்.

அம்மாவுக்கு ஒன்றை மட்டும் சொல்லிவை. பெட்டி வீங்கினாலோ, சீறினாலோ, வித்தியாசமான மணம் வந்தாலோ கிட்டப் போகக்கூடாது. வெளியே வந்து பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு தீயணைப்புப் படைக்கு அறிவிக்க வேண்டும். உங்கள் தீவுக்குப் பொன்னாலைப் பாலம் தாண்டி வண்டி வர நேரமெடுக்கும். அதுவரை ஒருவரும் உள்ளே போகாதிருப்பதுதான் முக்கியம்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்ற அன்று எங்கள் வீட்டில் மின்விசிறி சுற்றியது. அயலட்டைப் பிள்ளைகள் போன் சார்ஜ் செய்ய வந்து நிறைந்திருந்தார்கள். உன் வீட்டிலும் அப்படியே நடக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு எழுதினேன்.

தாழ்வாரத்தின் நீள அகலத்தை அளந்து அனுப்பு. கறுத்தக் கொழும்பான் காய்த்திருக்கிறது; நீ வரும்வரை இரண்டு கொத்தைப் பறிக்காமல் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உன் கொக்குவில் நண்பன்