ஃபேரி குயின் இயங்கும் மாதிரி: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நாம் எடுத்த திருப்பணி நிறைவடைந்தது. ஃபேரி குயின் இன்ஜினின் எட்டில் ஒரு பங்கு மாதிரி, தன் சொந்த நீராவியில், நாம் போட்ட தண்டவாளத்தில் ஓடிவிட்டது.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் பொம்மையாகச் செய்திருந்தால் வேலை பாதி நேரத்திலேயே முடிந்திருக்கும் என்று சில உறுப்பினர்கள் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் அசல் இன்ஜினின் கதையே வேறு. 1855இல் லீட்ஸ் நகரில் கிட்சன், தாம்சன் அண்ட் ஹியூவிட்சன் நிறுவனம் கட்டியது. அதே ஆண்டு கப்பலேறிக் கல்கத்தா வந்தது. கிழக்கிந்திய ரயில்வேயில் அதற்கு 22 என்ற எண் மட்டும்தான். பெயர் பல ஆண்டுகள் கழித்தே வந்தது. ஹவுராவுக்கும் ராணிகஞ்சுக்கும் இடையே மெயில் வண்டி இழுத்தது. 1857 கிளர்ச்சியின்போது படைகளை ஏற்றிப் போனது. பிறகு பீகாரில் பாதை போடும் வேலை. 1909இல் ஓய்வு கொடுத்தார்கள். ஹவுராவில் 34 ஆண்டுகள் காட்சிப்பொருளாக நின்றது; 1943இல் சந்தௌசி ரயில்வே பயிற்சிப் பள்ளிக்குப் போனது; பிறகு டெல்லி ரயில் அருங்காட்சியகம். இனி அசையாது என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். 1997இல் கொதிகலனில் மீண்டும் நெருப்பு மூட்டி, டெல்லியிலிருந்து 143 கி.மீ. தொலைவிலுள்ள ஆல்வாருக்குப் பயணிகளோடு ஓட்டினார்கள். 88 ஆண்டு நின்ற வண்டி! 2011இல் பாகங்கள் திருடுபோனபோது நம் பெரம்பூர் பணிமனையில்தான் அதைச் சீரமைத்தார்கள். இப்படிப்பட்ட இன்ஜினின் மாதிரி ஓடாமல் நிற்கலாமா?

எட்டில் ஒன்று என்ற அளவு நமக்கு வசதியாக அமைந்தது. அசலில் 6 அடி விட்டமுள்ள ஓட்டும் சக்கரம் நமக்கு 9 அங்குலம். 12 அங்குல சிலிண்டர் ஒன்றரை அங்குலம். 5 அடி 6 அங்குல அகலப்பாதை எட்டேகால் அங்குலத்தில் அடங்கியது. சக்கரத்தை வார்ப்பதற்கான மர அச்சு செய்ததுதான் பெரும்பாடு. ஆரக்கால்கள் சக்கரத்தின் நடுக்குடத்தோடு சேரும் வளைவு சரியாக வராமல் மூன்று அச்சுகளைக் கழித்துப் போட்டோம்.

தாமதத்துக்குக் காரணம் கொதிகலன். வெளியே கொடுத்துச் செய்து வாங்கிய முதல் தாமிரக் கொதிகலனை, ஓட்டும் அழுத்தத்தைப் போல இரு மடங்கு நீரழுத்தம் கொடுத்துச் சோதித்தோம். கொதிகலனில் நெருப்பு எரியும் பெட்டியின் மூலைப் பற்றவைப்பில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளி. துடைத்தால் மறுபடி அதே இடத்தில் துளி. ஒட்டுப்போட்டுச் சமாளிக்கலாம் என்று யோசனை வந்தது; குழு மறுத்தது. குழந்தைகள் பக்கத்தில் நின்று பார்க்கப்போகும் இன்ஜின். இரண்டாவது கொதிகலனை நாமே செய்தோம். அதனால் கூடிய செலவுக்குக் குழு முழுப் பொறுப்பு ஏற்கிறது. ரசீதுகளோடு கணக்கு பொதுக்குழுவில் வைக்கப்படும்.

வெள்ளோட்டத்தன்று சிலிண்டருக்கு நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரைத் திறந்ததும் பெரிய சக்கரம் நின்ற இடத்திலேயே கிறீச்சிட்டுச் சுழன்றது. வண்டி நகரவில்லை. ஓட்டும் சக்கரம் ஒரே ஒரு ஜோடி. முன்னும் பின்னும் உள்ள சிறிய சக்கரங்கள் எடை தாங்குபவை, இழுப்பவை அல்ல. ஓய்வுபெற்ற ஓட்டுநரான நம் மூத்த உறுப்பினர் உலர்ந்த மணலை ஒரு சிட்டிகை எடுத்துத் தண்டவாளத்தில் தூவினார். ரெகுலேட்டரை மயிரிழை அளவு திறந்தார். சக்கரம் பிடித்தது. புகைபோக்கியிலிருந்து ஒவ்வொரு வீச்சாகச் சத்தம் வர, வண்டி நகர்ந்தது. அசல் இன்ஜினுக்கு ஏன் எடை குறைந்த மெயில் வண்டிகளையே கொடுத்தார்கள் என்பது அந்த ஒரு நிமிடத்தில் எங்களுக்கு விளங்கியது. அவர் கண் கலங்கியதைப் பார்த்து நாங்களும் கலங்கினோம்.

லேத்தில் நின்றவர்கள், மணல் சலித்தவர்கள், சனிக்கிழமை தவறாமல் சாப்பாடு கொண்டுவந்தவர்கள் எல்லோருக்கும் நன்றி.

பாக்கி இருப்பது அடிப்பகுதித் தண்ணீர்த் தொட்டிக்கு வண்ணம் பூசுவதும், வரைபடங்களைப் பிரதி எடுத்து வைப்பதும். ஓட்டக் கற்றுக்கொள்ள விரும்பும் உறுப்பினர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். பருத்தி உடையும் விரலை மூடிய காலணியும் கட்டாயம்.