அடுப்புக்கு முன்னால் ஜெபம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாளையங்கோட்டையில் 1785-ல் பிரதிஷ்டையான குளோரிந்தா ஆலயத்தைப் பற்றிப் பெருமை பேசுகிறோம், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்குப் பந்தல் போடவே மூன்று கமிட்டி கூட்டம் நடத்துகிறோம், சரி, வீட்டில் ஜெபம்? எங்கள் ஆச்சி விடியக்காலம் நாலரைக்கு, அடுப்புப் பற்றவைக்கும் முன்னே, ஓலைப்பாயில் முழங்காலில் நிற்பாள். எழும்பும்போது பாயின் வரி முழங்காலில் பதிந்திருக்கும். நான் கண் விழித்ததும் தடவுவது செல்போனை. வாட்ஸ்அப்பில் வந்த வசனப் படத்துக்கு ஒரு 'ஆமென்', அதோடு தீர்ந்தது (வசனத்தை முழுசாக வாசிப்பதுகூட இல்லை). இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்கிறது மாற்கு 1:35. முந்தின நாள் சாயங்காலம் ஊரே நோயாளிகளோடு வாசலில் கூடியிருந்தது, அவருக்கு இல்லாத வேலையா நமக்கு? போன வாரத்திலிருந்து போனை அடுக்களையில் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் படுக்கிறேன். அதிலும் இரண்டு நாள் தூங்கிப்போனேன்.

ஒரு வாசகர், நாசரேத்